'வருகிறதாம்!' – ஒரு கணிப்பொறி வதந்தியின் கதை



"புதிய பதிப்பில் அந்த வசதி வருகிறது."

"புதிய பதிப்பில் அந்த வசதி வருகிறதாம்."

இவ்விரு வாக்கியங்களையும் ஊன்றிப் படியுங்கள். வேறுபாடு, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆம்' ஒன்றுதான். முதல் வாக்கியத்தைச் சொல்பவர் அச்செய்திக்குத் தாமே பொறுப்பேற்கிறார். இரண்டாவதைச் சொல்பவரோ, "நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன்; நேரில் கண்டதில்லை" என்று நமக்கு எச்சரிக்கை விடுக்கிறார். இவ்வளவு பெரிய எச்சரிக்கையை இரண்டே எழுத்துகளில் அடக்கிவிடுகிறது நம் மொழி! ஆனால் செய்தி வாய்க்கு வாய் மாறும்போது முதலில் உதிர்ந்துபோவதும் இந்த 'ஆம்'தான்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர் ஒருவர் நான்கு மாதங்கள் உழைத்து எடுத்த அளவீடுகளை ஒரே ஒரு வட்டில் வைத்திருந்தார். "இன்னொரு படி எடுத்து வேறிடத்தில் வையப்பா" என்றேன். "அடுத்த அப்டேட்டில் கோப்புகளைத் தானாகவே காப்பாற்றும் வசதி வருகிறது சார். வந்ததும் மொத்தமாகச் செய்துவிடுகிறேன்" என்றார். அவருடைய வாக்கியத்தில் 'ஆம்' இல்லை என்பதை நானும் அன்று கவனிக்கவில்லை. மூன்று வாரங்களில் வட்டு பழுதடைந்தது. அப்டேட்டும் வந்தது; அவர் சொன்ன வசதி மட்டும் அதில் இல்லை. நான்கு மாத வேலையை அவர் மறுபடியும் செய்தார். வட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த வட்டும் என்றேனும் ஒருநாள் கெடும். நாங்கள் இருவரும் ஒரு செய்தியை எடை போடத் தவறினோம் என்பதே உண்மை.

செய்தியை எடை போடுவது எப்படி? இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியையே பாடமாக எடுத்துக்கொள்வோம். 2006 முதல் 2009 வரை கணிப்பொறி உலகில் உலவிய ஒரு பெரிய வதந்தி இது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. கிடைத்த தடயங்கள் எல்லாம் உண்மையானவை. ஆயினும் முடிவு தவறாகப் போயிற்று.

கோப்பு முறைமை என்பது என்ன?

கணிப்பொறியின் எல்லா உறுப்புகளையும் ஒழுங்குபடுத்தி வேலை வாங்கும் அடிப்படை நிரல் தொகுப்பே இயக்க முறைமை. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை நீங்கள் அறிந்த இயக்க முறைமைகள். இதன் ஒரு பகுதி கோப்பு முறைமை.

ஒரு பெரிய நூலகத்தை எண்ணிப் பாருங்கள். நூல்கள் அலமாரிகளில் இருக்கின்றன. எந்த நூல் எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்பது அட்டவணையில் இருக்கிறது. அட்டவணை தொலைந்தால் நூல்கள் இருந்தும் இல்லாதவையே. கணிப்பொறியின் வட்டில் உங்கள் படங்களும் கட்டுரைகளும் சிறு சிறு தொகுதிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. எந்தத் தொகுதி எந்தக் கோப்பைச் சேர்ந்தது, எந்த வரிசையில் சேர வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பதே கோப்பு முறைமையின் வேலை.

2006ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகள் 'எச்.எஃப்.எஸ். பிளஸ்' என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்தி வந்தன. அது 1998இல் வந்தது. 1985இல் வந்த எச்.எஃப்.எஸ். முறையின் விரிவாக்கம். பழைய வீட்டிற்கு மேல் மேலும் அறை எழுப்பியது போன்ற அமைப்பு. அதற்கு மாற்று வேண்டும் என்று பலரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஆசையைத் தூண்டிய புதுமை

அதே காலத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'இசட்.எஃப்.எஸ்.' என்னும் புதிய கோப்பு முறைமையை உருவாக்கியிருந்தது. ஜெஃப் பான்விக், மாத்யூ ஆரன்ஸ் ஆகியோர் அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்கள். 2005இல் அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பயன்படுத்தலாம் என்று ஓர் உரிமத்தின்கீழ் சன் வெளியிட்டது. அதன் சிறப்புகளில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, சரிபார்ப்பு எண். வட்டில் எழுதிய எண் காலப்போக்கில் ஓசையின்றி மாறிவிடக்கூடும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? 4, 7, 2, 9, 1 என்ற ஐந்து இலக்கங்களை எழுதுகிறோம் என்று கொள்வோம். அவற்றின் கூட்டுத்தொகை 23. இதைத் தனியே குறித்துவைக்கிறோம். பின்னாளில் படிக்கும்போது 7 என்பது 1 ஆகிப் போயிருந்தால் கூட்டுத்தொகை 17 வரும்; பிழை பிடிபட்டுவிடும். ஆனால் 7உம் 2உம் இடம் மாறியிருந்தால்? கூட்டுத்தொகை அப்போதும் 23தான், பிழை தப்பிவிடும்!

இதற்கும் வழியுண்டு. முதல் இலக்கத்தை 1ஆலும் இரண்டாவதை 2ஆலும், இப்படியே ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இட எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். 4 + 14 + 6 + 36 + 5 = 65. இடம் மாறிய பின் 4, 2, 7, 9, 1 என்பதற்கு 4 + 4 + 21 + 36 + 5 = 70. பிழை அகப்பட்டது! இசட்.எஃப்.எஸ். பயன்படுத்தும் 'ஃப்ளெட்சர்' முறை இக்கருத்தின் அடிப்படையில் அமைந்ததே.

அந்தச் சரிபார்ப்பு எண்ணை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. உங்கள் மதிப்பெண்ணை விடைத்தாளில் மட்டும் எழுதிவைத்தால், தாளே மாறிப்போனால் என்ன செய்வது? அதனால்தான் ஆசிரியர் மதிப்பெண் பட்டியலிலும் தனியே எழுதிக்கொள்கிறார். இசட்.எஃப்.எஸ். முறையும் சரிபார்ப்பு எண்ணை அந்தத் தொகுதியோடு வைக்காமல், அத்தொகுதி இருக்குமிடத்தைச் சுட்டும் மேல்நிலைத் தொகுதியில் வைக்கிறது. இரண்டு வட்டுகளில் ஒரே செய்தியை வைத்திருந்தால், எந்தப் படி கெட்டது, எந்தப் படி நல்லது என்று அறிந்து, கெட்டதை நல்லதைக் கொண்டு தானே திருத்தியும் விடுகிறது.

இரண்டாவது சிறப்பு, அழிக்காமல் எழுதுவது. பேரேடு எழுதும் பழைய கணக்குப்பிள்ளை பழைய வரியை அழித்து அதன்மேல் எழுதமாட்டார்; புதிய வரியில் எழுதிவிட்டுப் பின்புதான் பக்கக் குறிப்பை மாற்றுவார். இடையில் விளக்கு அணைந்தாலும் பழைய கணக்கு அப்படியே இருக்கும். இசட்.எஃப்.எஸ். அவ்வாறே புதிய தொகுதியை வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதைக் கைவிடுகிறது. நடுவில் மின்வெட்டு ஏற்பட்டாலும் வட்டு குழம்புவதில்லை. பழைய தொகுதிகளை விடாமல் வைத்திருந்தால், நேற்று மாலை வட்டு எப்படியிருந்ததோ அந்த நிலையையும் இன்று பார்க்கலாம். இதை 'நிலைப்படம்' எனலாம்.

இங்கே இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு சுவையான கணக்கு. இசட்.எஃப்.எஸ். 128 பிட் அமைப்பு. அதன் முழுக் கொள்ளளவையும் நிரப்ப முடியுமா என்று பான்விக் 2004இல் கணக்கிட்டார். 2¹²⁸ தொகுதிகள், தொகுதிக்கு 512 பைட்டு வீதம் மொத்தம் 2¹⁴⁰ பிட்டுகள், அதாவது ஏறத்தாழ 1.4 × 10⁴² பிட்டுகள். ஒரு லிட்டர் இடத்தில் அடங்கிய 1 கிலோகிராம் பொருளில் இயற்பியல் விதிகளின்படி அதிகம் போனால் 10³¹ பிட்டுகளே அடங்கும். ஆகவே தேவையான நிறை 1.4 × 10¹¹ கிலோகிராம். அந்த எல்லையை எட்ட, நிறை முழுவதும் ஆற்றலாகவே இருக்க வேண்டும். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அது ஏறத்தாழ 1.25 × 10²⁸ ஜூல். உலகக் கடல்நீரின் நிறை 1.4 × 10²¹ கிலோகிராம். அதை முழுதும் ஆவியாக்க ஏறத்தாழ 3.6 × 10²⁷ ஜூல் போதும். அதாவது, அந்த வட்டை நிரப்பும் ஆற்றலில் கடல்களையெல்லாம் மூன்று முறை ஆவியாக்கிவிடலாம்! இப்படிப்பட்ட ஒன்று தம் கணிப்பொறிக்கும் வரப்போகிறது என்று கேட்டால் ஆர்வலர்களுக்கு ஆவல் பொங்காதா?

செய்தி வளர்ந்த கதை

2006 ஏப்ரலில், ஆப்பிள் பொறியாளர்கள் இசட்.எஃப்.எஸ். முறையைத் தங்கள் இயக்க முறைமைக்குக் கொண்டுவருவதில் ஆர்வம் காட்டுகிறார்கள் என்பது சன் நிறுவனத்தார் வாயிலாக வெளிவந்தது. இது முதல் தடயம்.

2006 ஆகஸ்டில், மேக் இயக்க முறைமையின் 10.5ஆம் பதிப்பான 'லெப்பர்டு' பற்றி ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் விளக்கினார். சில வசதிகளை இப்போது சொல்லமாட்டோம், அவை இரகசியம் என்றும் கூறினார். ஒரு பெட்டியில் 'இரகசியம்' என்று எழுதி ஒட்டினால் அதனுள் என்ன இருக்கிறது என்று ஊரே கற்பனை செய்யத் தொடங்கும் அல்லவா? அதே மேடையில் காட்டப்பட்ட வசதிகளுள் ஒன்று 'டைம் மெஷின்'. கோப்பின் பழைய நிலைக்குத் திரும்பிச் செல்ல உதவுவது அது.

உடனே பலர் இவ்வாறு வாதிட்டனர்: "இசட்.எஃப்.எஸ். இருந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். டைம் மெஷின் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே உள்ளே இருப்பது இசட்.எஃப்.எஸ்.!" இந்த வாதத்தில் உள்ள ஓட்டை தெரிகிறதா? மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது என்று முடிவு கட்டலாமா? தண்ணீர் லாரி போயிருக்கலாமே! உண்மையில் டைம் மெஷின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் மீதே, இணைப்புகளைக் கொண்ட வேறொரு உத்தியால் இயங்கியது.

2006 இறுதியில் நிரல் எழுதுவோருக்குத் தரப்பட்ட சோதனைப் பதிப்பில், வட்டைச் சீர்செய்யும் நிரலின் பட்டியலில் இசட்.எஃப்.எஸ். என்ற பெயர் காணப்பட்டது. திரைப்படங்கள் பரவின. இது வலுவான தடயம், கண்ணால் கண்டது.

2007 ஜூன் 6ஆம் நாள், சன் நிறுவனத்தின் தலைவர் ஜானதன் ஷ்வார்ட்ஸ், இசட்.எஃப்.எஸ். மேக்கின் கோப்பு முறைமையாகப் போகிறது, ஆப்பிள் அதை அந்த வாரமே அறிவிக்கும் என்னும் பொருள்பட ஒரு கூட்டத்தில் பேசினார். இனி ஐயமென்ன என்று எல்லோரும் நினைத்தனர். 'வருகிறதாம்' என்பது 'வருகிறது' ஆயிற்று!

ஜூன் 11ஆம் நாள் ஜாப்ஸ் மேடையேறினார். பேசி முடித்தார். இசட்.எஃப்.எஸ். என்ற சொல்லே அவர் பேச்சில் வரவில்லை. அது வராது என்று ஆப்பிள் அலுவலர் ஒருவர் முதலில் சொன்னதாகச் செய்தி வந்தது. பின்னர், அவ்வகை வட்டுகளைப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று திருத்தம் வந்தது. 2007 அக்டோபர் 26இல் வெளிவந்த லெப்பர்டு அப்படியே இருந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. அடுத்த பதிப்பான 'ஸ்னோ லெப்பர்டு' 2008 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதன் சர்வர் பதிப்பில் இசட்.எஃப்.எஸ். படிக்கவும் எழுதவும் வசதி இருக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுத்தில் அறிவித்தது. 2009இல் அந்த அறிவிப்பு ஓசையின்றி நீக்கப்பட்டது. ஆகஸ்டு 28இல் பதிப்பு வெளிவந்தபோது வசதி இல்லை. அக்டோபரில் அத்திட்டமே கைவிடப்பட்டது.

ஏன் வரவில்லை?

இசட்.எஃப்.எஸ். பழுதானதா? இல்லை. 2008இல் ஃப்ரீ பி.எஸ்.டி. என்ற இயக்க முறைமையில் அது சேர்ந்தது. இன்றும் பெரிய சேமிப்பகங்களில் நன்றாக உழைத்து வருகிறது. தடை வேறிடத்தில் இருந்தது. 2007 செப்டம்பரில், இசட்.எஃப்.எஸ். தன் காப்புரிமைகளை மீறுகிறது என்று நெட்ஆப் நிறுவனம் சன்மீது வழக்குத் தொடுத்தது. 2009 ஏப்ரலில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2010 ஜனவரியில் அது கைமாறியது. வழக்கு 2010இல்தான் சமரசமாயிற்று. வழக்குச் செலவுக்கும் ஆதரவுக்கும் சன் பொறுப்பேற்கும் தனி உரிமம் ஒன்றை ஆப்பிள் விரும்பியிருக்கலாம், இருதரப்புக்கும் உடன்பாடு ஏற்படவில்லை போலும் என்று ஒருவர் ஊகித்து எழுதியபோது, விவரம் வெளியிட இயலாது, ஆனால் சாரம் அதுதான் என்ற பொருளில் பான்விக் பதிலளித்தார்.

அதாவது, நிரல் எழுதப்பட்டிருந்தது, வேலையும் செய்தது, விருப்பமும் இருந்தது. ஒப்பந்தம் இல்லை, ஆகவே வெளியீடும் இல்லை.

ஒத்திகையும் அரங்கேற்றமும்

உங்கள் பள்ளி ஆண்டுவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை, மண்டபத்தின் ஜன்னல் வழியே நாடக ஒத்திகை நடப்பதைப் பார்க்கிறீர்கள். "ஆண்டுவிழாவில் இந்த நாடகம்தான்!" என்று வகுப்பில் சொல்கிறீர்கள். நீங்கள் கண்டது உண்மை. ஆனால் நாடகம் மேடையேற ஐந்து வாயில்களைக் கடக்க வேண்டும். ஒத்திகை தொடங்க வேண்டும். நடிப்பு தேற வேண்டும். நாடகம் எழுதியவர் அனுமதி தரவேண்டும். நிகழ்ச்சி நிரலில் நேரம் கிடைக்க வேண்டும். தலைமையாசிரியர் சரியென்று சொல்லவேண்டும். நீங்கள் ஜன்னல் வழியே கண்டது முதல் வாயிலை மட்டுமே.

வெளிவராத மென்பொருளுக்கும் இதே ஐந்து வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றையும் கடக்கும் வாய்ப்பு பத்துக்கு எட்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நல்ல வாய்ப்புதான். ஆனால் ஐந்தையும் கடக்கும் வாய்ப்பு என்ன? ஒவ்வொரு வாயிலும் மற்றதைச் சாராதது எனக் கொண்டால், பெருக்க வேண்டும்.

0.8 × 0.8 × 0.8 × 0.8 × 0.8 = 0.33 (ஏறத்தாழ)

மூன்றில் ஒன்றுதான்! ஒவ்வொரு படியும் 'அநேகமாக நடக்கும்' என்றிருந்தாலும், முழுவதும் 'அநேகமாக நடக்காது' என்றாகிவிடுகிறது. நம் மனம் படிகளைத் தனித்தனியே பார்த்து மகிழ்கிறது. பெருக்கிப் பார்க்க மறந்துவிடுகிறது. வதந்திகள் நம்மை வெல்வது இங்கேதான்.

ஷ்வார்ட்ஸின் சொல்லையும் இவ்வாறே எடை போடலாம். அவர் பெரிய நிறுவனத்தின் தலைவர்; விவரம் அறிந்தவர். ஆனால் ஐந்தாம் வாயிலின் சாவி அவர் கையில் இல்லை. ஆப்பிளின் கையில் இருந்தது. நாடகாசிரியர், "என் நாடகம் உங்கள் பள்ளியில் நடக்கப்போகிறது" என்று சொன்னால், அவர் தம் நாடகத்தை அறிவார்; உங்கள் தலைமையாசிரியரின் முடிவை அறியமாட்டார். விவரம் அறிந்தவர் வேறு, முடிவு செய்பவர் வேறு.

சாவி வைத்திருப்பவரே சொன்னாலும் முழு உறுதி உண்டா? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபரில், 'லாங்ஹார்ன்' என்று அப்போது அழைக்கப்பட்ட அடுத்த விண்டோஸில் 'வின் எஃப்.எஸ்.' என்னும் புதிய சேமிப்பு முறை வரும் என்று மேடையிலேயே செய்துகாட்டியது. 2004 ஆகஸ்டில் அது அந்தப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. 2006 ஜூனில் தனியாகவும் வெளிவராது என்று அறிவிக்கப்பட்டது. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விஸ்டாவில் அது இல்லை. நான்காம் வாயிலாகிய 'காலம்' எவருக்கும் விதிவிலக்கு தருவதில்லை.

நூறு பேர் சொன்னால் உண்மையாகுமா?

"ஒருவரா, இருவரா? நூறு பேர் சொல்கிறார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறது.

திருகு அளவியால் கம்பியின் தடிமனை அளக்கிறீர்கள். பத்து முறை அளந்து சராசரி எடுத்தால் ஒழுங்கற்ற பிழைகள் குறைகின்றன. ஆனால் அந்தத் திருகு அளவியில் 0.05 மில்லிமீட்டர் சுழிப்பிழை இருந்தால்? பத்து முறை அல்ல, பத்தாயிரம் முறை அளந்தாலும் சராசரியில் அதே 0.05 மில்லிமீட்டர் பிழை நீங்காமல் நிற்கும். அது முறையான பிழை. அதைக் கண்டறிய வேறொரு கருவி வேண்டும்.

வதந்தியும் அப்படித்தான். நூறு பேர் ஒரே மூலத்திலிருந்து கேட்டதைத் திருப்பிச் சொன்னால், அது நூறு சான்றுகள் ஆகா. ஒரே சான்றின் நூறு எதிரொலிகள். மலைப்பாறையில் உங்கள் குரல் நான்கு முறை எதிரொலித்தால், மலையில் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவீர்களா? எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்காமல், எத்தனை தனித்தனி மூலங்கள் உள்ளன என்று கேளுங்கள்.

சத்தமில்லாமல் வந்தது

இனி, கதையின் கடைசிப் பகுதி. 2016 ஜூனில், 'ஏ.பி.எஃப்.எஸ்.' என்ற தன் சொந்தக் கோப்பு முறைமையை ஆப்பிள் அறிவித்தது. 2017 மார்ச்சில் வந்த ஐ.ஓ.எஸ். 10.3 மேம்படுத்தலின்போது கோடிக்கணக்கான கைப்பேசிகள் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றப்பட்டன. 2017 செப்டம்பரில் 'ஹை சியரா' பதிப்பின் மூலம் மேக் கணிப்பொறிகளுக்கும் அது வந்தது. இதற்கு முந்தைய சில மேம்படுத்தல்களின்போதே, கைப்பேசிகளுக்குள் இந்த மாற்றத்தை ஒத்திகை பார்த்து, சரியாக நடக்கிறதா எனக் குறித்துக்கொண்டு, மறுபடி பழைய நிலைக்கே திருப்பிவிட்டார்கள் என்பது பின்னர்தான் தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டது வரவில்லை. தங்கள் சட்டைப்பையிலேயே நடந்த ஒத்திகையை யாரும் அறியவில்லை!

இந்தப் புதிய முறையில் அழிக்காமல் எழுதுதல் உண்டு, நிலைப்படம் உண்டு. சரிபார்ப்பு எண்ணோ அட்டவணைக் குறிப்புகளுக்கு மட்டுமே. உங்கள் படங்கள், கட்டுரைகள் ஆகியவற்றின் உள்ளடக்கத்திற்கு அது சரிபார்ப்பு எண் வைப்பதில்லை. ஆக, வதந்தியில் பேசப்பட்டவற்றுள் சில வந்தன, ஒன்று வரவில்லை. கோப்பைப் படி எடுத்து வேறிடத்தில் வைக்கும் கடமை நம்மிடமே இருக்கிறது.

நான்கு கேள்விகள்

இனிமேல் 'அடுத்த அப்டேட்டில் இது வருகிறதாம்' என்று கேட்கும்போது, இந்த நான்கையும் வரிசையாகக் கேளுங்கள்.

1. கண்டது என்ன, ஊகித்தது என்ன? பட்டியலில் பெயரைக் கண்டது காட்சி. 'ஆகவே வெளிவரும்' என்பது ஊகம்.

2. சொன்னவர் கையில் சாவி இருக்கிறதா?

3. தனித்தனி மூலங்கள் எத்தனை?

4. இது பொய்த்துப்போனால் எனக்கு என்ன நட்டம்? வெறும் பேச்சு என்றால் நட்டமில்லை, மகிழ்ந்து பேசுங்கள். ஆனால் அதை நம்பிப் பணம் செலவிடுவதானாலோ, இன்று செய்யவேண்டிய வேலையைத் தள்ளிப்போடுவதானாலோ, அந்த வசதி வரவே வராது என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். வந்தால் இலாபம்; வராவிட்டால் நட்டமில்லை.

வதந்தியைக் கேட்பது குற்றமன்று. விஞ்ஞானிகளும் ஊகிக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊகத்தோடு அதன் உறுதியின் அளவையும் சேர்த்தே சொல்கிறார்கள். நீளம் 2.50 ± 0.01 சென்டிமீட்டர் என்று எழுதும்போது அந்த ± குறி செய்யும் வேலையைத்தான் பேச்சில் 'ஆம்' செய்கிறது. ஒரு செய்தியை அடுத்தவரிடம் சொல்லும்போது அந்த 'ஆம்' உங்கள் கையில் உதிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறர் சொல்லும்போது அது உதிர்ந்திருந்தால், நீங்களே மீண்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அந்த மாணவர் இப்போது ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறார். தம் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே அவர் சொல்லும் பாடம்: "அளவீட்டை எடு, அன்றைக்கே படி எடு."

செய்து பாருங்கள்

1. 4, 7, 2, 9, 1 என்ற வரிசையில் மூன்று இலக்கங்களை மாற்றி, கூட்டுத்தொகை 23, இட எண்ணால் பெருக்கிக் கூட்டிய தொகை 65 ஆகிய இரண்டும் மாறாமல் இருக்கும்படி செய்ய முடியுமா? முடிந்தால், சரிபார்ப்பு எண்ணும் ஏமாறக்கூடும் என்று அறிவீர்கள்.

2. ஐந்து வாயில்களையும் கடக்கும் வாய்ப்பு ஒவ்வொன்றிற்கும் 0.9 என்றால், முழு வாய்ப்பு என்ன?

3. இந்த மாதம் நீங்கள் கேட்ட 'வருகிறதாம்' செய்தி ஒன்றைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். மேற்கண்ட முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி, அது உண்மையாகும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்றும் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

விடைகள்: 1. முடியும், எடுத்துக்காட்டு 5, 5, 3, 9, 1. 2. ஏறத்தாழ 0.59. மூன்றாவதற்கு விடையைக் காலம் சொல்லும்.